அடீனியத்தில் ஒட்டுக் கட்டுவது எப்படி: வீட்டிலேயே செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

அடீனியம் வளர்க்கிற எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஏக்கம் வரும். விதை போட்டு, ஒன்றரை வருடம் காத்திருந்து வளர்த்த செடி முதல்முறையாகப் பூக்கிறது. அடித்தண்டு குண்டாகத் திரண்டு, வேர்கள் அழகாகப் பிரிந்து நிற்கின்றன. பூ மட்டும் வெளிறிய இளஞ்சிவப்பில் ஒற்றை அடுக்கு. விதை எடுத்த தாய்ச்செடியோ கருஞ்சிவப்பில் மூன்றடுக்குப் பூ பூத்தது. கலப்பின ரகங்களின் விதை தாயைப்போல் வருவது அபூர்வம். சரி, தாய்ச்செடியின் கிளையையே வெட்டி நடலாமே என்றால், பூ அச்சு அசலாக அதே பூதான் வரும். ஆனால் விதைச்செடியில் வருகிற அந்தக் குண்டு அடித்தண்டு, கிளையை வெட்டி நட்ட செடியில் அதே வடிவத்தில் வராது.

விதைச்செடியின் அடியும் பிடித்த ரகத்தின் பூவும் ஒரே செடியில் வேண்டுமென்றால் ஒட்டுதான் வழி, அதாவது விதைச்செடியின் தண்டை வெட்டி, அதன்மேல் பிடித்த ரகத்தின் குச்சியைப் பொருத்திக் கட்டி, இரண்டையும் ஒன்றாக வளரவிடுவது. பலர் இதை நர்சரிக்காரர்களின் வித்தை என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். கை நடுங்கும், வெட்டு கோணும் என்ற பயம். வெட்டை இரண்டு நாள் பழகினால் வந்துவிடும். நான் இழந்த ஒட்டுகளில் பெரும்பாலானவை வெட்டால் போகவில்லை, ஈரத்தால் போயின. வெட்டுவாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக்கூடாது. ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் குச்சியைச் சுற்றியுள்ள காற்று உலரவும் கூடாது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்றுவதற்குத்தான்.

எதன்மேல் எதை ஒட்டலாம்

ஒரே குடும்பத்துச் செடிகள்தான் ஒட்டும், அதிலும் நெருங்கிய சொந்தமாக இருந்தால் நல்லது. அடீனியத்தின்மேல் அடீனியம் கிட்டத்தட்ட எப்போதும் ஒட்டும். அரளியும் அடீனியமும் ஒரே குடும்பம் என்பதால் அரளித் தண்டிலும் அடீனியத்தை ஒட்ட முடியும். ஆனால் குண்டு அடித்தண்டு கிடைக்காது என்பதால் எனக்கு அதில் ஆர்வமில்லை. கள்ளியின்மேல் கள்ளி ஒட்டும், அதற்குக் கடைசியில் வருகிறேன். அடீனியத்தைக் கள்ளியின்மேல் வைத்தால் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் ஒட்டாது. இரண்டும் தண்ணீரைச் சேமிக்கிற செடிகள் என்பதைத் தவிர அவற்றுக்குள் உறவே கிடையாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூக்கும் சதைப்பற்றுச் செடிகள் எல்லாவற்றுக்கும் ஒட்டு தேவையில்லை. எச்செவேரியா இலையிலிருந்தே முளைக்கும். கலன்சோவும் கிறிஸ்துமுள் செடியும் குச்சி நட்டாலே வேர் விடும். அவற்றில் போய் மெனக்கெட வேண்டாம்.

தண்டுக்குள் என்ன இருக்கிறது

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கவாத்துச் செய்த அடீனியம் கிளை ஒன்றைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். வெளியே மெல்லிய சாம்பல் தோல். அதை அடுத்து ஒரு பச்சைக் கோடு. பிறகு வெள்ளையான சதைப்பட்டை. அதற்கும் உள்ளே இருக்கும் கட்டைப் பகுதிக்கும் நடுவில் மயிரிழை அகலத்தில், கொஞ்சம் ஈரமாக மினுங்குகிற ஒரு வளையம் தெரியும். அதுதான் கேம்பியம், அதாவது வளர்திசு. தண்டில் புதிய செல்கள் பிறக்கிற இடம் அது. சாறு முத்து முத்தாகக் கசிவதால் முதல் பார்வையில் தெரியாது. மெல்லிய தாளால் ஒற்றி எடுத்துவிட்டுப் பார்த்தால் தெரியும்.

அடித்தண்டின் வளையமும் மேல்குச்சியின் வளையமும் எங்காவது ஓரிடத்தில் தொட்டாக வேண்டும். தொட்டால், இரண்டு பக்கமும் காயத்தை மூட மென்மையான திசு வளரும். அந்தத் திசுக்கள் கலந்து, பிறகு அதற்குள்ளேயே தண்ணீர்க் குழாய்கள் உருவாகும். அதுவரை மேல்குச்சிக்குக் கீழிருந்து ஒழுங்கான தண்ணீர் வரத்து கிடையாது, தன் சதையில் உள்ள ஈரத்தை வைத்துத்தான் தாக்குப்பிடிக்கிறது. சதைப்பற்றுச் செடிகளில் ஒட்டு சுலபமாக இருப்பதற்கும் இதுதான் காரணம். மற்ற மரங்களின் குச்சிகளைவிட இவற்றுக்குக் கையிருப்பு அதிகம். அதே சதைதான் கொஞ்சம் ஈரம் பட்டாலும் அழுகிவிடுகிறது.

வேர்ச்செடி

கீழே இருக்கப்போகும் செடியை வேர்ச்செடி என்பார்கள். விதையிலிருந்து வந்த, 8 மாதத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை வயதுள்ள, நன்றாக இலை விட்டுக்கொண்டிருக்கிற அடீனியம் போதும். ஒட்டப்போகும் இடத்தில் தண்டு பென்சில் அளவாவது தடிமனாக இருக்கட்டும். அதைவிட மெலிந்த தண்டில் வெட்டுவது கஷ்டம், கட்டும்போதும் நசுங்கும்.

அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல் இருந்தால் நல்லது. கொஞ்சம் அமுங்கினால் ஒன்று தண்ணீர் போதவில்லை, அல்லது உள்ளே அழுகல் ஆரம்பித்திருக்கிறது. தண்ணீர் விட்டு நான்கைந்து நாள் கழித்தும் அமுங்கினால் அந்தச் செடியை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். தொட்டி மாற்றி ஒரு மாதம்கூட ஆகாத செடியும் வேண்டாம். வேர் பிடிக்கவே அதற்குத் தெம்பு போதாது.

ஒட்டுவதற்கு மூன்று நாள் முன்பே வேர்ச்செடிக்குத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். நான் ஆரம்பத்தில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் தண்ணீர் விட்டு மாலையில் வெட்டினால் வெட்டுவாயில் சாறு ஊறிக்கொண்டே இருக்கிறது, துடைக்கத் துடைக்க நிற்காது. மேல்குச்சி அந்தச் சாற்றின்மேல் மிதந்தபடி இருக்கும், வளையங்கள் ஒன்றை ஒன்று தொடவே தொடாது.

ஒட்டுக்குச்சி

பாதித் தோல்வி குச்சியைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கிளையின் நுனியில் பளபளவென்று பச்சையாக இருக்கும் பகுதி மிகவும் இளசு, ஒட்டியபின் பையால் மூடிவைத்தால் குழைந்துவிடும். கிளையின் அடியில் முழுக்கச் சாம்பல் நிறமாகி, கட்டை பாய்ந்த பகுதி முதிர்ந்தது, துளிர்க்க நாளாகும். நடுவில், பச்சை மங்கிச் சாம்பல் படர ஆரம்பித்திருக்கிற பகுதிதான் நமக்கு வேண்டியது. நகத்தால் லேசாகக் கீறினால் உடனே பச்சை தெரிய வேண்டும்.

பூ மொட்டு இருக்கிற குச்சியைத் தவிர்த்துவிடுங்கள். வேறு குச்சி இல்லையென்றால் மொட்டுகளைக் கிள்ளி எறியுங்கள். இரக்கம் காட்டினால், குச்சி தன் கையிருப்பையெல்லாம் பூவுக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கிப்போகும்.

நீளம் 4 முதல் 6 சென்டிமீட்டர் போதும். மூன்று நான்கு கணுக்கள் அதில் இருக்கும். தடிமன் வேர்ச்செடித் தண்டின் அளவோ, அதைவிடக் கொஞ்சம் குறைவாகவோ இருக்கலாம். இலைகளை வெட்டிவிடுங்கள், ஆனால் பிய்த்து எடுக்காதீர்கள். இலையின் பரப்பை மட்டும் கத்தரித்து, காம்பில் அரை சென்டிமீட்டரை விட்டுவையுங்கள். இந்தக் காம்புக்குப் பிறகு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது.

வெட்டிய குச்சியை அன்றே பயன்படுத்துவது நல்லது. தூரத்திலிருந்து வருகிற குச்சி என்றால், செய்தித்தாளில் சுற்றி, நிழலில், மூடாத பையில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஈரத்துணியில் சுற்றி வைக்காதீர்கள். வெட்டுவாயில் பூஞ்சை பிடித்துவிடும்.

கருவிகளும் சுத்தமும்

புதிய கட்டர் பிளேடு ஒன்று. வீட்டுக் கத்தி வேண்டவே வேண்டாம். அது வெட்டாது, நசுக்கும். நசுங்கிய திசு ஒட்டாது, அழுகத்தான் செய்யும். அப்புறம் ஒட்டுக் கட்டுவதற்கென்றே உள்ள, நீளும் தன்மையுள்ள கிராஃப்டிங் டேப், அது கிடைக்காவிட்டால் மெல்லிய பாலித்தீன் பையிலிருந்து ஒரு விரல் அகலத்தில் வெட்டிய பட்டைகள். சிறிய ஒளிபுகும் பாலித்தீன் பைகள், நூல், மெல்லிய காகிதக் கைக்குட்டை, ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுத ஒரு அடையாளச் சீட்டு.

பிளேடையும் கைகளையும் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ஒவ்வொரு செடிக்கும் நடுவில் மறுபடி துடைக்க வேண்டும். வைரஸ் நோய்கள் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் பிளேடு வழியாகவே போகும், வெளித்தோற்றத்தில் நோய் தெரியாத செடியிலிருந்துகூட. ஆல்கஹால் காய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஈரத்தோடு வெட்டினால் அது புதிய செல்களைப் பொசுக்கிவிடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடீனியம் சாற்றில் கிளைகோசைடுகள் என்ற, இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவில் வேட்டை அம்புகளுக்கு நஞ்சாக அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சாறு பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெட்டிப்போட்ட துண்டுகளைக் குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் எடுக்காதபடி உடனே அப்புறப்படுத்துங்கள்.

எப்போது செய்வது

செடி வேகமாக வளர்கிற, வெப்பநிலை 25 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிற, காற்றில் ஈரப்பதம் அதிகமில்லாத நாட்கள் ஏற்றவை. தொடர்மழை நாட்களில் வேண்டாம். குளிரில் இலை உதிர்த்து உறங்கும் செடியிலும் வேண்டாம். அதில் காயத்தை மூடும் திசு வளராது, குச்சி காத்திருந்து காத்திருந்தே வற்றிவிடும். செடியைப் பார்த்தே நாளை முடிவு செய்யலாம். நுனியில் புதிய இலைகள் விரிந்துகொண்டிருந்தால் அது தயார்.

ஆப்பு ஒட்டு

தண்டில் ஒரு பள்ளம் வெட்டி, அடியை ஆப்புபோல் சீவிய குச்சியை அதில் செருகுவது இது. முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த முறையைத்தான். இரண்டு பக்கமும் வளையங்கள் தொடுகிற நீளம் அதிகம். குச்சி தானாகவே பள்ளத்தில் உட்கார்ந்துவிடுவதால் கட்டும்போது நழுவாது. ஆனால் நேரடியாக நல்ல செடியில் ஆரம்பிக்காதீர்கள். கவாத்துக் கழிவுகளை வைத்துக்கொண்டு பத்து ஆப்பு, பத்து பள்ளம் வெட்டிப் பாருங்கள். ஏழாவது எட்டாவதில் கைக்குக் கோணம் பிடிபட்டுவிடும்.

முதலில் வேர்ச்செடியின் தண்டை, குண்டு அடித்தண்டுக்கு மேலே 5 முதல் 8 சென்டிமீட்டர் விட்டுக் குறுக்கே வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். ரம்பம்போல் முன்னும் பின்னும் அறுத்தால் முகம் சொரசொரப்பாகிவிடும். வெட்டுக்குக் கீழே இலைகள் இருந்தால் இரண்டு மூன்றை விட்டுவையுங்கள். செடி உயிர்ப்போடு இருக்க அவை உதவும்.

அடுத்து, வெட்டிய முகத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்வாக உள்நோக்கி வெட்டி, ஒன்றரை முதல் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில வி வடிவில் ஒரு துண்டை எடுத்துவிடுங்கள். நடுவில் நேராகப் பிளந்துவிட்டு ஆப்பைச் செருகுகிறவர்களும் உண்டு. அடீனியத்தின் சதைத்தண்டில் அந்தப் பிளவு சில சமயம் கீழே ஓடிவிடுகிறது. அதனால் பள்ளம் வெட்டுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. எடுத்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒட்டுக்குச்சியின் அடியை எந்தக் கோணத்தில் சீவ வேண்டும் என்பதற்கு அதுதான் அச்சு.

இப்போது ஒட்டுக்குச்சி. எது மேல், எது கீழ் என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இலைக்காம்பு விட்ட தழும்புக்கு மேலேதான் கணுமொட்டு இருக்கும். தலைகீழாக வைத்த குச்சி சரியாக வளராது. குச்சியின் அடியில் இரண்டு பக்கமும், பக்கத்துக்கு ஒரே சீவலாக, அந்த அச்சுத் துண்டின் கோணத்துக்கே ஆப்பு செதுக்குங்கள். பிளேடை அசைக்காமல், குச்சியை உங்களை நோக்கி இழுப்பதுபோல் செய்தால் முகம் தட்டையாக வரும். சீவிய முகத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நடுவில் பள்ளமோ மேடோ இருந்தால் இன்னொரு மெல்லிய சீவல். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

இரண்டு முகங்களிலும் கசிகிற சாற்றைக் காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். உடனே செருகுங்கள். வெட்டுவதற்கும் செருகுவதற்கும் நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வேன். குச்சியும் தண்டும் ஒரே தடிமன் என்றால் இரண்டு ஓரங்களும் பொருந்தும். குச்சி மெலிந்திருந்தால் அதை நடுவில் வைக்காதீர்கள். நடுவில் வைத்தால் குச்சியின் வளையம் தண்டின் கட்டைப் பகுதிமேல் போய் உட்காரும், எந்தப் பக்கமும் ஒட்டாது. ஏதாவது ஒரு ஓரத்துக்கு நகர்த்தி, அந்தப் பக்கத்துத் தோல் வரிசை நேராக இருக்கும்படி வையுங்கள். ஒரு பக்கம் ஒட்டினாலே போதும், மறுபக்கத்தைச் செடி பிறகு மூடிக்கொள்ளும்.

கட்டுவது கீழிருந்து மேலாக. டேப்பை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி, வெட்டுவாய்க்கு ஒரு சென்டிமீட்டர் கீழே ஆரம்பித்து ஒரு சென்டிமீட்டர் மேலே வரை சுற்றுங்கள். ஓட்டின்மேல் ஓடு வேய்வதுபோல. இப்படிச் சுற்றினால் மேலிருந்து வழிகிற எந்தத் துளியும் உள்ளே போகாது. இறுக்கம் எவ்வளவு? குச்சியை விரலால் லேசாகத் தட்டினால் குச்சியும் தண்டும் சேர்ந்து ஒரே பொருள்போல் ஆட வேண்டும். குச்சி தனியாக அசைந்தால் கட்டு போதாது, பிரித்து மறுபடி கட்டுங்கள்.

கடைசியாக, சிறிய பாலித்தீன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கட்டுக்குக் கீழே நூலால் கட்டுங்கள். பையின் உட்பக்கம் குச்சியில் ஒட்டாமல் கொஞ்சம் காற்றோடு இருக்கட்டும். பைக்குள் தண்ணீர் தெளிக்காதீர்கள். குச்சியே விடுகிற ஈரம் போதும்.

தட்டை ஒட்டு

தண்டும் குச்சியும் கட்டைவிரல் தடிமனுக்கு இருந்தால் இது வசதி. இரண்டையும் குறுக்கே தட்டையாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றை நிறுத்துவதுதான் முறை. குச்சி 2 முதல் 3 சென்டிமீட்டர் உயரம் போதும். உயரம் கூடினால் சாயும். குச்சியை வைத்ததும் லேசாக அழுத்தி ஒரு சுற்று திருப்புங்கள், உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். பிறகு பாலித்தீன் துண்டு ஒன்றைக் குச்சியின் தலைமேல் போர்த்தி, நான்கு பக்கமும் கீழே இழுத்து, தண்டில் நூலால் இறுக்கிக் கட்டுங்கள். அந்த இழுவையே குச்சியைக் கீழே அழுத்தும், அதுவே ஈரத்தையும் காக்கும். தனியாக டேப்பும் பையும் தேவையில்லை. ஒட்டு பிடித்த பிறகு இணைப்பு கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சீராக இருக்கும். பழகியவர்களுக்கு இதுவே வேகமான முறை.

ஒரே செடியில் நான்கைந்து கிளை இருந்தால், ஒவ்வொரு கிளையிலும் ஒரு நிறம் என்று ஒட்டலாம். அப்படிச் செய்யும்போது ஒரே வேகத்தில் வளரும் ரகங்களாகப் பாருங்கள். வேகமான ரகம் ஒன்று இருந்தால் சாறு முழுவதையும் அது இழுத்துக்கொண்டு மற்றவற்றைச் சோரவிட்டுவிடும்.

மூடிவைத்த நாட்கள்

வெளிச்சம் நிறைய வேண்டும், நேர் வெயில் மட்டும் படக்கூடாது. மூடிய பைமேல் ஒரு மணி நேரம் வெயில் பட்டாலே உள்ளே வெந்துவிடும். மழை படாத இடம், யாரும் இடித்துவிடாத மூலை. தண்ணீர்? முதல் நான்கைந்து நாளைக்கு வேண்டாம். பிறகு மண் மேற்புறம் முழுக்கக் காய்ந்தால் மட்டும், தொட்டியின் ஓரமாக, ஒட்டுக் கட்டின்மேல் ஒரு துளியும் தெறிக்காமல் கொஞ்சமாக விடுங்கள்.

இரண்டாம் நாளே பையின் உட்புறத்தில் ஈரம் பனிபோல் படர்ந்திருக்கும். அது நல்லதுதான். பெரிய துளிகளாகச் சேர்ந்து குச்சியில் வழிந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது பையின் மேல்மூலையில் ஊசியால் இரண்டு துளை போடுங்கள்.

காம்பை விட்டுவைக்கச் சொன்னேன் இல்லையா? ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அது பேசும். காம்பு மஞ்சளாகி, பையை லேசாகத் தட்டினாலே சுத்தமாகக் கழன்று விழுந்தால் குச்சி உயிரோடு இருக்கிறது. உதிர்க்கிற வேலையைச் செய்ய உயிருள்ள திசு வேண்டும். காம்பு கறுத்துச் சுருங்கி, குச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் குச்சி செத்துக்கொண்டிருக்கிறது. ஒரு காலையில் பைக்குள் மூன்று மஞ்சள் காம்புகள் அடியில் விழுந்து கிடப்பதையும், அவை விட்ட தழும்புகள் ஈரமில்லாமல் வெளிர்ப்பச்சையாக ஆறியிருப்பதையும் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், பிறகு பூ வந்தபோதுகூட அந்த அளவுக்கு இல்லை.

ஆனால் அதைப் பார்த்ததும் பையைப் பிரித்துவிடாதீர்கள். அந்த அவசரத்தில் நான் இரண்டு நல்ல ஒட்டுகளை இழந்திருக்கிறேன். காம்பு விழுந்தால் குச்சிக்கு உயிர் இருக்கிறது என்றுதான் பொருள். தண்ணீர்க் குழாய் இணைந்துவிட்டது என்று பொருளில்லை. கணுக்களில் அரிசிமணி அளவு பச்சைத் துளிர் எட்டிப்பார்த்து, அது நாளுக்கு நாள் பெரிதாகிறதா என்று பாருங்கள். பொதுவாக இரண்டு முதல் மூன்று வாரத்தில் அந்த நிலை வரும். அப்போதும் ஒரேயடியாகப் பையைக் கழற்ற வேண்டாம். முதல் நாள் பையைக் கட்டிய நூலை மட்டும் தளர்த்துங்கள். இரண்டு நாள் கழித்து ஒரு மூலையை வெட்டிவிடுங்கள். இன்னும் இரண்டு நாள் கழித்து மாலை நேரத்தில் பையை எடுங்கள்.

டேப் அவசரமில்லை. நான்காவது அல்லது ஐந்தாவது வாரத்தில், தண்டு பருத்து டேப் சதையில் பதிய ஆரம்பிக்கும்போது, இணைப்புக்கு எதிர்ப்பக்கத்தில் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் தண்டில் இடுப்புக் கட்டியதுபோல் ஒரு பள்ளம் நிரந்தரமாக விழுந்துவிடும்.

பிரித்த பிறகு

இந்தக் கட்டத்தில் பலரும் கவனத்தைத் தளர்த்திவிடுகிறார்கள். ஒட்டுக்குக் கீழே, வேர்ச்செடித் தண்டிலிருந்து துளிர்கள் புறப்படும். அவை வலுவாக, செழிப்பாக இருக்கும், பார்த்தால் வெட்ட மனசு வராது. வாரம் ஒருமுறை அவற்றை விரலாலேயே தேய்த்து எடுத்துவிடுங்கள். விட்டால் செடி தன் சொந்தக் கிளையைத்தான் வளர்க்கும், ஒட்டு சோர்ந்துபோகும். ஒரு வருடம் கழித்து ஒற்றை அடுக்குப் பூவைப் பார்த்து ரகம் மாறிவிட்டது என்று குழம்புகிறவர்கள் பலர் இந்தத் துளிரை விட்டுவைத்தவர்கள்தான்.

வெயிலுக்கு மெல்லப் பழக்குங்கள். முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மூன்று மணி நேரம் என்று. உரம் போடுவதை இரண்டு மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம். முதல் பூ சில மாதங்களிலேயே வந்துவிடும், விதைச்செடிபோல் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். முதல் மொட்டுகளில் ஒன்றை மட்டும் ரகம் சரிதானா என்று பார்க்க விட்டு, மற்றதைக் கிள்ளிவிடுவேன். கிளைகள் 10 சென்டிமீட்டர் நீண்டதும் நுனியை ஒருமுறை வெட்டினால் பக்கக் கிளைகள் பிரிந்து செடி அடர்த்தியாகும்.

ஒட்டு தோற்றால் பிரித்துப் பாருங்கள்

தோற்ற ஒட்டைத் தூக்கி எறிவதற்கு முன் கட்டைப் பிரித்து வெட்டுவாயைப் பாருங்கள், காரணம் அங்கே எழுதியிருக்கும். பழுப்பாகிக் கொழகொழவென்று, புளித்த வாடை வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அல்லது பிளேடு சுத்தமில்லை. குச்சி வற்றிச் சுருங்கி, வெட்டுவாய் காய்ந்து சுத்தமாகப் பிரிந்தால் வளையங்கள் தொடவில்லை, அல்லது பையில் காற்றுப் போகிற வழி இருந்திருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் வெள்ளையாகத் திசு வளர்ந்து, நடுவில் இடைவெளி தெரிந்தால் சீவிய முகம் தட்டையாக இல்லை. குச்சி கறுத்து, வெட்டுவாய் மட்டும் நன்றாக இருந்தால் வெயில் பட்டிருக்கிறது.

வேர்ச்செடி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அழுகிய பகுதிக்குக் கீழே, வெள்ளையான நல்ல சதை தெரியும்வரை வெட்டி, பூஞ்சைக்கொல்லிப் பொடி தொட்டு, காயவிடுங்கள். ஒரு மாதத்தில் துளிர்க்கும். அந்தத் துளிர்கள் பென்சில் தடிமனானதும் அவற்றிலேயே மறுபடி ஒட்டலாம். இப்போது உங்களுக்கு ஒன்றுக்கு மூன்று கிளைகள் இருக்கும்.

கள்ளியில் செய்வதென்றால்

முறை தட்டை ஒட்டுதான், ஆனால் சில வேறுபாடுகள் உண்டு. வேர்ச்செடியாக மிகவும் பயன்படுவது டிராகன் பழம் கொடுக்கிற முக்கோணக் கொடிக்கள்ளி. வெட்டினால் நடுவில் சின்னதாக ஒரு சாறுக்குழாய் வளையம் தெளிவாகத் தெரியும். மேலே வைக்கும் கள்ளியிலும் அப்படி ஒரு வளையம் இருக்கும். இரண்டும் ஒரே அளவாக இருக்காது. அதனால் கொஞ்சம் தள்ளிவைத்து, இரண்டு வளையங்களும் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கொடிக்கள்ளியின் மூன்று விளிம்புகளையும் சாய்வாகச் சீவிவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், சதை உலர்ந்து உள்வாங்கும்போது தடித்த தோல் அப்படியே நிற்கும், மேலே வைத்த கள்ளியை அது தூக்கிவிடும். கட்டுவதற்கு இரண்டு ரப்பர் பேண்டுகள் போதும், தொட்டியின் அடியிலிருந்து கள்ளியின் தலைமேல் குறுக்கும் நெடுக்குமாக. அடீனியம்போல் பை கட்ட வேண்டியதில்லை. நிழலில் வைத்து, பத்து நாள் கழித்து ரப்பர் பேண்டை எடுக்கலாம்.

தட்டையான கண்ணிகள் தொங்கும் கிறிஸ்துமஸ் கள்ளியை உயரமான கள்ளித் தண்டில் ஆப்பு முறையில் ஒட்டினால் குடைபோல் விரிந்து பூக்கும். இரண்டு கண்ணி நீளத்துக்கு எடுத்து, அடியைத் தோல் நீக்கிச் சீவி, தண்டின் பிளவில் செருகி, ஒரு நீண்ட கள்ளிமுள்ளைக் குறுக்கே குத்தி நிறுத்தினால் டேப்கூட வேண்டாம். உலோக ஊசியை நான் பயன்படுத்துவதில்லை, துருப்பிடித்துக் காயத்தைக் கெடுக்கும்.

கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பந்துபோல் இருக்கும் நிலாக் கள்ளியும் ஒட்டுதான். 1941இல் ஜப்பானில் விதை நாற்றுகளுக்கு நடுவே முளைத்த, பச்சையமே இல்லாத நாற்றுகளிலிருந்து வந்த வகை அது. பச்சையம் இல்லாததால் தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரிக்க முடியாது, கீழே இருக்கும் பச்சைத் தண்டுதான் அதற்கு உணவூட்டுகிறது. அதனால் அதைத் தண்டிலிருந்து பிரித்து மண்ணில் நட்டால் பிழைக்காது. சில வருடங்களில் அடித்தண்டு தளர்ந்து, மஞ்சளாகி, அடியில் கட்டை தட்ட ஆரம்பிக்கும். அந்த மாற்றத்தைப் பார்த்ததும் பந்தின் பக்கத்தில் முளைத்திருக்கும் குட்டிகளில், கோலிகுண்டு அளவுக்கு வளர்ந்த ஒன்றைத் திருகி எடுத்து, அடியை மெல்லியதாகச் சீவி, புதிய கொடிக்கள்ளித் தண்டில் வைத்துக் கட்டிவிடுங்கள்.